உப்புக் காற்றும் மெழுகுப் பூச்சும்

தூத்துக்குடியில், கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு உள்ளே தள்ளியிருந்த என் பெரியப்பாவின் வீட்டு முற்றத்தில், வெளிர்நீல அம்பாசிடர் கார் ஒன்று வெகுகாலம் நின்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் காலைப் பலகாரம் ஆனதும், டிரைவர் பழைய பனியன் துணியைச் சுருட்டிக்கொண்டு, மெழுகு டப்பாவின் மூடியை ஒரு நாணயத்தால் நெம்பித் திறந்து, பானெட்டில் தொடங்கிக் கூரை வழியாக டிக்கி வரைக்கும் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போவார். சற்று நேரத்தில் துணி நீலமாகிவிடும். காரின் நிறம் துணியில் ஏறுவதைப் பார்த்து, இப்படியே போனால் ஒரு நாள் காரில் நீலமே மிஞ்சாது என்று சிறுவர்களாகிய நாங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் கவலையில் பாதி நியாயம் இருந்ததென்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

வெயிலும் உப்பும் ஒன்றுசேர்ந்த ஊரில் காரின் பெயின்டுக்கு மெழுகு காப்பாகுமா, ஆகுமென்றால் எதனிடமிருந்து, எவ்வளவு காலத்துக்கு, மெழுகுக்குப் பதிலாக இப்போது சீலன்ட் என்றும் செராமிக் என்றும் விற்கப்படுபவை அதைவிட மேலானவையா என்பது, கார் வைத்திருப்போர் எல்லோரும் ஒரு சமயம் கேட்டே தீருகிற கேள்வி. மெழுகு விற்பவரைக் கேட்டால், வெயில், மழை, பறவை எச்சம் ஆகிய சகலத்துக்கும் அதுவே கவசம் என்பார்; டிங்கரிங் கடைக்காரரைக் கேட்டால், அதெல்லாம் வெறும் மினுக்கு, பெயின்ட் போனால் திரும்ப அடித்துக்கொள்ளலாம் என்பார்; ரசாயனம் படித்தவரைக் கேட்டால், எந்தப் பெயின்ட், எந்த ஊர், எந்த மெழுகு என்று நம்மையே திருப்பிக் கேட்பார். மூன்றாமவருடைய பதில் எரிச்சலூட்டுவதாயினும், ஆராய்ச்சியைத் தொடங்க வேண்டிய இடம் அதுதான். ஆகையால் முதலில் பெயின்டைப் பற்றியே சொல்ல வேண்டியிருக்கிறது.

மோட்டார் வண்டி பிறந்த காலத்தில் அதற்குப் பூசியது குதிரை வண்டிக்குப் பூசிய வார்னிஷையே. ஒன்றன்மேல் ஒன்றாகப் பல கை பூசி, ஒவ்வொரு கையும் உலரும் வரை காத்திருந்து, ஒரு வண்டியை முடிக்க வாரக்கணக்காகும். ஹென்றி போர்டு தமது 'மாடல் டி' வண்டியை 1914 முதல் 1925 வரையில் கறுப்பு ஒன்றிலேயே விற்றார். 1920களின் நடுவில் டூபாண்ட் கம்பெனி 'டூக்கோ' என்னும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைக் கொண்டுவந்த பிறகு, வாரக்கணக்கு நாள்கணக்காயிற்று, நிறங்களும் பெருகின. அதற்குப் பின் வந்த எனாமல் பெயின்டுகள், நம் அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் அடித்தவை உள்பட, ஒரு விஷயத்தில் ஒரே குணமுடையவை: நிறமும் பளபளப்பும் ஒரே படலத்தில் அடங்கியிருந்தன. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கிரணங்கள் அந்தப் படலத்தின் பிசினை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிட, பிசின் பிடித்துக்கொண்டிருந்த நிறப்பொடி பிடிப்பற்று மேலே நிற்கும். சுண்ணாம்படித்த சுவரில் சாய்ந்தவனுடைய சட்டையைப் போல, தொட்ட கையெல்லாம் பொடி ஒட்டும். எங்கள் டிரைவரின் துணியில் ஏறிய நீலம் அதுவே. செத்துப்போன மேற்படலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதன் கீழிருந்த நல்ல படலத்தை வெளியே கொண்டுவந்து, எண்ணெய்ப் பசையுள்ள மெழுகை அதன்மேல் ஏற்றியதுதான் அவர் ஞாயிறுதோறும் செய்த காரியம். மெழுகின் கீர்த்தி முழுவதும் அந்தப் பெயின்டைக் கொண்டு அந்தக் காலத்தில் சம்பாதித்தது. பெயின்ட் மாறிய பிறகும் கீர்த்தி மட்டும் மாறாமல் நின்றுவிட்டது.

இன்றைய காரின் உடல், துத்தநாகமும் பாஸ்பேட்டும் கண்ட தகடு. அதைத் தொட்டியில் முழுவதும் முக்கி மின்சாரத்தால் ஒட்டவைக்கும் அடிப்பூச்சு ஏறக்குறைய 20 மைக்ரான். அதன்மேல் பிரைமர் 30 அல்லது 35. அதன்மேல் நிறம் 15 அல்லது 20. எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாமல் கண்ணாடிபோல் நிற்கும் கிளியர் கோட் 40 மைக்ரான் சுமார். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நான்கு படலங்களும் சேர்ந்து, நாம் எழுதுகிற சாதாரண வெள்ளைத் தாள் ஒன்றின் கனம், மிஞ்சினால் ஒன்றரைத் தாளின் கனம். லட்சக்கணக்கான ரூபாய் கொடுத்து வாங்கிய வண்டிக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே இருப்பது அவ்வளவுதான். 1980களில் உலகெங்கும் பரவிய இந்த முறையில், வெயிலைத் தாங்கும் பொறுப்பு முழுவதும் கிளியர் கோட்டின் தலையில் விழுந்தது. அதற்காகவே புற ஊதாக் கிரணத்தை விழுங்கி வெப்பமாக்கிவிடும் சில சேர்மானங்களையும், அப்படியும் தப்பி உள்ளே வந்த கிரணம் கிளப்பிவிடும் ரசாயனக் கலகத்தை அடக்கும் வேறு சிலவற்றையும் ஆலையிலேயே அதற்குள் கலந்துவிடுகிறார்கள். வருஷங்கள் செல்லச்செல்ல அந்தச் சேர்மானங்கள் தேய்ந்துபோகின்றன. இப்போது பாலிஷ் போட்டால் துணியில் நிறம் ஏறாது. ஆனால் படலம் குறைவது நின்றுவிடவில்லை, கண்ணுக்குத் தெரியாமற்போயிற்று. மெஷின் வைத்து ரப்பிங் காம்பவுண்டால் தேய்க்கிற ஒவ்வொரு தடவையும் கிளியர் கோட்டில் ஒன்றிரண்டு மைக்ரான் போகத்தான் செய்கிறது. பழைய டிரைவருக்கு நஷ்டக்கணக்கைத் துணி சொன்னது, நமக்குச் சொல்வாரில்லை.

இனி, கொடிய சீதோஷ்ணம் என்று பொதுப்படச் சொல்லுவதில் பொருளில்லை. கொடுமை ஊருக்கு ஊர் வேறு. பெயின்ட் கம்பெனிகள் தங்கள் சரக்கைச் சோதிப்பதற்கு அமெரிக்காவில் நெடுங்காலமாகப் போகிற இடங்கள் இரண்டு: வெயிலும் ஈரமும் கலந்த தெற்கு புளோரிடா, ஈரமில்லாத வெயிலுக்கு அரிசோனாப் பாலைவனம். அங்கே பூச்சிட்ட தகடுகளைத் தெற்கு நோக்கி, 5 டிகிரி மட்டும் சாய்த்து, கறுப்புத் தகரப் பெட்டிகளின் மேல் மூடிபோல் பொருத்தி, மாதக்கணக்கிலும் வருஷக்கணக்கிலும் வெயிலுக்கு விட்டுவிடுகிறார்கள். பானெட்டும் கூரையும் கிடக்கிற கிடை அது. கீழே அடைபட்ட காற்றின் புழுக்கமும் அதுவே. கனடா போன்ற குளிர்ப் பிரதேசங்களில் வெயில் பெரிய சத்துருவல்ல. பனியை உருக்கச் சாலையில் கொட்டுகிற உப்பு, சக்கரத்தால் வாரியிறைக்கப்பட்டு வண்டியின் அடிவயிற்றில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வளைகுடா நாடுகளில் வெயிலோடு மணற்காற்று. வேகமாக வரும் மணலுக்கு முன் ஒரு மைக்ரான் மெழுகு இருந்தென்ன, இல்லாமற்போனாலென்ன.

சென்னை முதல் கன்னியாகுமரி வரைக்குமுள்ள நம் கரையோரம் புளோரிடாவின் ஜாதியைச் சேர்ந்தது. 2003-ஆம் வருஷம் மே 31-ஆம் தேதி சென்னையில் 45 டிகிரி பதிவாயிற்று. அவ்வளவு வேண்டாம், காற்றின் வெப்பம் 40 டிகிரியாயிருக்கிற சாதாரணக் கத்திரி வெயில் நாளில் கறுப்புக் காரின் கூரை 70-ஐத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் கிளியர் கோட் சற்று இளகிக் கொடுக்கிறது. அப்போது அதன்மேல் விழுகிற எதுவும் குளிர்ந்த காரின்மேல் விழுவதைவிடப் பன்மடங்கு தீங்கு செய்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வருகிற பல விஷயங்கள் தாமே விளங்கும்.

உப்பைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். காரைக்குடியில், வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், எந்தெந்த ஊர்க் காற்று உலோகத்தை எவ்வளவு அரிக்கும் என்று தேசம் முழுவதும் தகடுகளை வைத்துப் பார்த்து, இந்தியாவுக்கு ஓர் அரிமான வரைபடமே தயாரித்திருக்கிறது. மண்டபத்துக் கடலோரம் அவர்களுடைய சோதனைக்களங்களில் ஒன்று. அலை உடையும்போது தெறிக்கிற நுண்துளிகள் காற்றில் உலர்ந்து உப்புத்துகளாகி உள்ளே வருகின்றன. கடலைவிட்டு விலக விலக அதன் அளவு மளமளவென்று குறைந்துவிடும். ஆகவே கடற்கரைத் தெருவில் நிற்கிற காருக்கும், அதே ஊரில் சில மைல் மேற்கே நிற்கிற காருக்கும் ஒரே விதி சொல்லுவது பொருந்தாது. உப்பின் விசேஷ குணம் இன்னொன்று: காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானே ஈரத்தை இழுத்து நீர்த்துவிடும். நம் கரையோரத்தில் இராத்திரிதோறும், விடியற்காலைதோறும் அந்த எல்லை தாண்டப்படுகிறது. மழையே பெய்யாத மாதத்திலும் காலையில் கார் பிசுபிசுவென்றிருப்பதன் காரணம் பனி மட்டுமல்ல; அது உப்புத் தண்ணீர். பத்து மணிக்கு அது உலரும். இராத்திரி மறுபடி நனையும்.

ஆனாலும் பிளவுபடாத பெயின்டை உப்பு ஒன்றும் செய்வதில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அதற்குத் தேவை ஒரு வழி: கல் தெறித்த புள்ளி, கதவு சுவரில் இடித்த கீறல், அல்லது தகட்டை மடித்து ஒட்டிய விளிம்பு. இது பின்னால் திரும்ப வரும்.

உப்பைவிட நம் கார்களைக் கெடுப்பது, நம் அபிப்பிராயத்தில், அவற்றைக் கழுவுகிற தண்ணீர்தான். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது என்றும், வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்லுகிறது. கரையோர ஊர்களின் போர் தண்ணீர் பல தெருக்களில் அந்தப் பொறுத்தலின் எல்லையை ஒட்டியே நிற்கும். லிட்டருக்கு 1500 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், பத்து லிட்டர் வாளி ஒன்றில் 15 கிராம். அதாவது, ஒரு குழம்புக்குப் போடுகிற உப்பு. அந்தத் தண்ணீரைக் காலை வெயிலில் சூடேறிய பானெட்டில் ஊற்றித் துடைக்காமல் விட்டால், நீர் போய்விடும், வட்டம் வட்டமாகச் சுண்ணாம்பு நிற்கும். நாலு நாள் வெயில் அதைச் சுட்டுப் பதித்துவிடும். சுண்ணாம்பு மட்டுமாயிருந்தால் நீர்த்த வினிகரில் கரையும். தண்ணீரில் சிலிக்காவும் இருந்தால் வினிகருக்கு அது அசையாது. பிறகு மெஷினும் காம்பவுண்டும் வந்து, கிளியர் கோட்டையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

இந்த இடத்தில் ஒரு பழைய நம்பிக்கையை விலக்கிவிடலாம். நீர்த்துளி பூதக்கண்ணாடிபோல் வெயிலைக் குவித்துப் பெயின்டைச் சுட்டுவிடும் என்று பலர் சொல்லுகிறார்கள். ஹங்கேரி நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இலைகளை வைத்து 2010-ல் வெளியிட்ட பரிசோதனையில், மயிரில்லாத வழவழப்பான இலையில் உட்கார்ந்த துளி அதைச் சுடுவதில்லை என்று காட்டினார்கள். பரந்து உட்கார்ந்த துளி குவிக்கிற புள்ளி பரப்புக்குக் கீழே, எட்டாத இடத்தில் விழுகிறது. வழவழப்பான பானெட்டுக்கும் அந்த நியாயமே செல்லும். குற்றம் துளி குவித்த வெயிலில் இல்லை. துளி விட்டுப்போன உப்பில் இருக்கிறது.

அதே கூட்டத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2006-ல் இன்னொரு விந்தையை எழுதினார்கள். சிவப்பு, கறுப்புக் கார்களின் மினுக்கம், ஒளியை முனைவாக்குவதில் நீர்ப்பரப்பை ஒத்திருப்பதால், நீரில் முட்டையிடுகிற பூச்சிகள் ஏமாந்து காரின்மேல் வந்து முட்டையிடுகின்றனவாம். தும்பி முட்டை கொதிக்கிற தகட்டில் கெடும்போது கந்தக அமிலத்தை ஒத்த அமிலம் பிறந்து கிளியர் கோட்டை அரிக்கிறது என்று பிரேசில் ஆராய்ச்சியாளர்கள் அதற்கு முன்பே, 2000-ல், காட்டியிருந்தார்கள். குளக்கரையில் சிவப்புக் காரை நிறுத்துகிறவர்கள் இதை அறிந்து என்ன செய்யப்போகிறார்கள் என்பது வேறு விஷயம். ஆயினும், பளபளப்பை எவ்வளவு ஏற்றுகிறோமோ அவ்வளவு குளம்போல் காரை ஆக்குகிறோம் என்பது மெழுகு விற்பவர்கள் சொல்லாத செய்தி.

நம் ஊரில் தும்பியைவிடக் காக்கைதான் பெரிய விசாரம். எச்சத்தின் அமிலம் ஒரு பங்கு கேடு செய்ய, இளகிய கிளியர் கோட் இராத்திரிக் குளிரில் இறுகும்போது எச்சத்தின் வடிவத்தையே அச்சாகப் பிடித்துக்கொள்வது மறு பங்கு கேடு செய்கிறது. எச்சத்தைக் கழுவிய பிறகும் அதன் நிழல் போகாமலிருப்பது இதனாலேயே. வெயிலுக்குப் பயந்து தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினால், இலைகளில் சாறு உறிஞ்சும் பூச்சிகள் விடுகிற சர்க்கரைப் பிசின் தூறலாய் விழுந்து, அதன்மேல் தூசி ஒட்டி, கார் வெல்லப்பாகில் தோய்த்தெடுத்ததுபோலாகிவிடும். நிழல் என்று நாம் சொல்லுவது கூரையின் நிழலையே.

சத்துருக்களைப் பார்த்தாயிற்று; இனி மெழுகு. கார் மெழுகுகளில் குலசிரேஷ்டமானது கர்னாபா. பிரேசிலின் வடகிழக்கில், சியாரா, பியாவி முதலிய வறண்ட மாகாணங்களில் வளருகிற, நம் பனையைப் போலவே விசிறி ஓலை உடைய ஒரு மரம், கோடையில் தன் ஈரம் ஆவியாகிவிடாதபடி ஓலையின்மேல் மெழுகைக் கசியவிடுகிறது. ஓலையை வெட்டி, வெயிலில் உலர்த்தி, அடித்து உதிர்த்த பொடியை உருக்கினால் கர்னாபா. 1935-ல் ஜான்சன் மெழுகுக் கம்பெனியின் முதலாளி ஹெர்பெர்ட் ஜான்சன், நிலத்திலும் நீரிலும் இறங்கக்கூடிய விமானம் ஒன்றில் விஸ்கான்சினிலிருந்து பிரேசில் வரைக்கும் இந்த மரத்தைத் தேடியே பறந்துபோனார் என்பதிலிருந்து, அன்று அதற்கிருந்த மதிப்பை ஊகிக்கலாம். அதன் சிறப்பு உருகுநிலையில் இருக்கிறது: தேன்மெழுகு 62, 64 டிகிரியிலேயே உருகிவிட, கர்னாபா 82 முதல் 86 வரை தாங்கும். எழுபது டிகிரிக் கூரைக்கு இது ஒன்றே ஏற்றதாகத் தோன்றும். ஆனால் சுத்தக் கர்னாபா செங்கல்போல் கடினமானது. கையால் பூச வராது. எண்ணெய்களையும் கரைப்பான்களையும் மெல்லிய மெழுகுகளையும் கலந்துதான் அதை டப்பாவில் அடைக்கிறார்கள். கலந்தவுடன் அதன் தாங்குசக்தியும் இறங்கிவிடுகிறது. டப்பாவின் மேல் 'நூறு சதவீதக் கர்னாபா' என்று எழுதியிருப்பது, உள்ளேயிருக்கிற மெழுகுக்கு வேறு மெழுகு கலக்கவில்லை என்று சொல்லுகிறதே தவிர, டப்பா முழுவதும் கர்னாபா என்று சொல்லவில்லை. நம் கோடையில் அது நிற்பது சில வாரங்கள். நிழலில் நிற்கிற காரில் இரண்டு மாதம் கண்டால் பாக்கியம்.

சீலன்ட் என்பது மரத்தில் விளையாமல் ஆலையில் விளைந்தது. சிலிக்கோன் மூலக்கூறுகளின் நுனியில் பெயின்டைப் பற்றிக்கொள்ளும் கைகளை வைத்துத் தயாரித்த இது, பூசிய பிறகு ஒன்றோடொன்று பின்னி வலைபோலாகிவிடுகிறது. வெயிலில் உருகி வழியாது, ஷாம்பூவுக்கும் எளிதில் போகாது. அதனால் கர்னாபா வாரக்கணக்கில் நிற்கிற இடத்தில் இது மாதக்கணக்கில் நிற்கும். மெழுகு தருகிற நெய் தடவினாற்போன்ற ஆழ்ந்த மினுக்கம் இதில் இல்லை, கண்ணாடிப் பளபளப்பே உண்டு என்று குறைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வெள்ளைக் கார் வைத்திருக்கிறவர் அந்த விவாதத்தில் இறங்க வேண்டியதில்லை. 'டெப்லான் கலந்தது' என்ற விளம்பரம் மட்டும் நம்பத்தக்கதன்று. தோசைக்கல்லில் டெப்லான் ஒட்டுவது முந்நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சுட்டெடுப்பதால். சீசாவிலிருந்து துணியால் தடவிய டெப்லான், பெயின்டின்மேல் வெறும் பொடியே.

மூன்றாவது, இப்போது கடைதோறும் பேசப்படுகிற செராமிக். சிலிக்கானைக் கொண்ட திரவத்தைத் தடவ, அது காற்றின் ஈரத்தோடு சேர்ந்து கண்ணாடிக்கு ஒப்பான மெல்லிய படலமாக இறுகுகிறது. அமிலத்தைத் தாங்குவதில், ஷாம்பூவைத் தாங்குவதில், வருஷக்கணக்கில் நிற்பதில் இது மற்ற இரண்டையும் விஞ்சியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் பேரில் சொல்லப்படுகிற மற்றவற்றை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. '9 எச் கடினம்' என்பது பென்சிலால் கீறிப் பார்க்கிற சோதனையின் அளவு. பென்சிலின் உள்ளே இருப்பது கிராபைட்டும் களிமண்ணும், ரோட்டுத் தூசியில் இருப்பது குவார்ட்ஸ் மணல். மணலுக்கு முன் பென்சில் எம்மாத்திரம்? இது தவிர, ஈரக்காற்றில் இந்தத் திரவம் வேகமாக இறுகிவிடுவதால், கரையோர ஊரில் திறந்தவெளியில் பூசினால் துடைத்தெடுப்பதற்குள் திட்டுத்திட்டாகக் கெட்டியாகிவிடும். குளிர்சாதன அறையில்லாத கடையில் இந்த வேலையைக் கொடுப்பது நல்லதன்று.

என் நண்பர் ஒருவர் புதிதாக வாங்கிய கறுப்புக் காருக்கு, சென்னையில் ஒரு கடையில் மூன்று வருஷ உத்தரவாதத்தோடு செராமிக் பூசிக்கொண்டார். முதல் மழையில் துளிகள் முத்துமுத்தாகத் திரண்டு ஓடியதைப் படம் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். ஆறு வாரம் கழித்து அவருடைய காரின் கூரையில் விரல் வைத்துத் தடவினேன். அம்மைத் தழும்பு கண்ட முகம்போல் வெள்ளை வளையங்கள் நெருங்கிக் கிடந்தன. குடியிருப்பின் தோட்டத்துக்குத் தெளிக்கிற போர் தண்ணீர், காலைதோறும் காற்றில் வந்து கூரையில் விழுந்திருக்கிறது. ஒட்டாத பரப்பில் தண்ணீர் பரவி வழியாமல் துளியாகத் திரண்டு நிற்கும். கூரை கிடையாக இருப்பதால் ஓடவும் ஓடாது. நின்ற இடத்திலேயே வற்றித் தன் உப்பையெல்லாம் ஒரு புள்ளியில் இறக்கிவைக்கும். தாமரை இலையில் துளி உருண்டோடுகிறதே என்றால், அந்த இலையில் துளி ஏறக்குறைய முழு உருண்டையாய் நிற்கிறது. மெழுகிட்ட பெயின்டிலோ அது அரை உருண்டைக்குச் சற்று மேல்தான், ஆகவே ஒட்டிக்கொண்டு நிற்கும். உத்தரவாதச் சீட்டைப் புரட்டிப் பார்த்தோம். நீர்க்கறை அதில் சேராதென்று கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது.

இவற்றையெல்லாம் சீர்தூக்கினால், வெயிலிலிருந்து மெழுகு காக்கிறது என்பதை நான் ஏற்கவில்லை. 40 மைக்ரான் கிளியர் கோட்டும் அதன் சேர்மானங்களும் செய்கிற வேலையில், ஒரு மைக்ரானுக்கும் குறைந்த மெழுகு எவ்வளவு பங்கு எடுத்துக்கொள்ள முடியும்? காக்கை எச்சத்துக்கும் பிசினுக்கும் அது தடையாகாவிட்டாலும் தாமதமாகிறது. அரை நாளில் ஏறுகிற கறை ஒரு நாள் பொறுத்து ஏறும், அதற்குள் நாம் கழுவிவிடலாம். தூசி ஒட்டாமல், குறைந்த தேய்ப்பில் கழுவ முடிகிறது என்பதே அதன் பெரிய உபகாரம். ஏனென்றால் கீறல்களில் மிகப்பல, கழுவும்போது நம் கையாலேயே விழுகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விடியற்காலையில் ஒரே வாளித் தண்ணீர், ஒரே துணி, பத்துப் பன்னிரண்டு கார் என்று நடக்கிற ஏற்பாட்டில், முதல் காரின் மணல் கடைசிக் கார் வரை போகிறது. துடைக்கிறவரைக் குறைசொல்லிப் பயனில்லை. மாதம் சில நூறு ரூபாய்க்கு நாம் கேட்டது அதைத்தான்.

எதைப் பூசுவது என்று கேட்டால், கரையோர ஊரில், போர் தண்ணீரோடு காலந்தள்ளுகிறவருக்கு, சாதாரணச் சீலன்டே போதும் என்பேன்: கத்திரிக்கு முன் ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை, மழை ஓய்ந்த பிறகு ஒரு தடவை. கர்னாபா, பூசுவதில் ஆனந்தம் காண்கிறவர்களுக்கு. அந்த ஆனந்தத்தை நான் இளப்பமாகச் சொல்லவில்லை. மெழுகின் பேரில் எழுதப்படுகிற காவலில் பெரும்பகுதி, அதைப் பூசும் சாக்கில் காரை நிழலில் நிறுத்தி, கழுவி, அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்க்கிற மனிதனுக்குச் சேரவேண்டியது என்பதே என் நெடுநாள் எண்ணம். மூன்று வருஷம் ஒன்றும் செய்யவேண்டியதில்லை என்று செராமிக் பூசிக்கொண்டவர், மூன்று வருஷம் காரைப் பார்ப்பதேயில்லை. கழுவுவதை வெயிலேறுமுன் முடித்துவிட வேண்டும்; சோப்புக்கு ஒரு வாளி, துணியலச ஒரு வாளி; கடைசி வாளிக்காவது மெட்ரோ தண்ணீரோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ இருந்தால் உத்தமம்; ஒரு சொட்டும் காயவிடாமல் மைக்ரோபைபர் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். திறந்தவெளியில் கவர் போடுகிறவர்கள் கவனிக்க: கடற்காற்றில் படபடக்கிற கவர், உள்ளே சிக்கிய மணலோடு சேர்ந்து உப்புத்தாள் வேலை செய்யும்.

பெரியப்பாவின் அம்பாசிடர் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். பதினேழு வருஷம் கழித்து அதை விற்கும்போது வாங்க வந்தவர், ஞாயிறுதோறும் மெழுகு கண்ட கூரையையும் பானெட்டையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து, கதவின் அடிவிளிம்பை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் தட்டினார். அது உள்ளே போயிற்று. தகட்டை மடித்த இடத்தில், கதவுக்குள் இறங்கின மழைத்தண்ணீரும் உப்பும் வெளியேற வழியில்லாமல் தங்கி, உள்ளிருந்து அரித்துக்கொண்டு வந்திருக்கிறது. வெளியே பூசின மெழுகு அங்கே எப்படிப் போகும்? அந்த இடங்களுக்கென்று, துவாரத்தின் வழியே குழாய் விட்டுத் தெளிக்கிற வேறொரு மெழுகு இருக்கிறது. நம் கரையோரத்தில் அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் வெகு சிலர். கேட்ட விலையில் கால்பங்கைக் குறைத்துக் கொடுத்து, அவர் காரை ஓட்டிக்கொண்டு போனார்.

கடலோரத்தில் கார் வைத்திருக்கிற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெழுகு டப்பாவைத் திறக்குமுன், நான்கு கதவுகளின் அடிவிளிம்பிலும் இருக்கிற சிறு துவாரங்களைக் குனிந்து பார்த்து, மண் அடைத்திருந்தால் ஓர் ஈர்க்குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள்.